சீமைக் கருவேலத்தின் சொந்த ஊரைத் தேடுவது எப்படி: மரபணு வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்கு

ஒரு களைச்செடி எந்த நாட்டிலிருந்து வந்தது, ஒரே தடவை வந்ததா பல தடவை வந்ததா என்று டி.என்.ஏ. வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதற்கான ஆய்வக முறைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கிடைக்காத விஷயம் வேறு. எந்த அலுவலகத்தில் என்ன கடிதம் கேட்பார்கள், காசு எங்கே கரையும், எதற்கு எத்தனை மாதம் ஆகும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. நான் இதில் மாட்டிக்கொண்டு முழித்த காலத்தில் யாராவது தமிழில் எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். முதுகலை புராஜெக்ட் செய்பவர்கள், பிஎச்.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கண்மாய் மீட்பு வேலையில் இருந்துகொண்டு ஆய்வுப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குச் சீமைக் கருவேலம். மற்ற களைகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் கஷ்டமான பாதி நம் ஊரில் இல்லை. ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் முந்நூறு மரத்தில் இலை பறித்துவிடலாம். மெக்சிகோ, கொலம்பியா, வெனிசுவேலா, ஜமைக்கா பக்கத்து இலை ஒன்றுகூடக் கையில் இல்லையென்றால், அந்த முந்நூறையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். மாதிரியில் இல்லாத இடத்தை எந்த மென்பொருளும் காட்டாது. அதனால்தான் கீழே உள்ள வரிசையில் ஆய்வகம் ஆறாவதாக வருகிறது.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

‘இதன் பூர்விகம் என்ன’ என்பது கேள்வி அல்ல, நான்கு கேள்விகளின் மூட்டை. இது எந்த இனம்? தாயகத்தின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது? எத்தனை முறை வந்தது? உள்ளே வந்தபின் எந்த வழியாகப் பரவியது? ஒவ்வொன்றுக்கும் மாதிரி எண்ணிக்கை வேறு, செலவு வேறு. முதல் கேள்விக்குச் சில ஆயிரத்தில் பதில் கிடைக்கலாம். நான்காவது கேள்வி சில லட்சங்களை விழுங்கும்.

பதில் யாருக்குப் பயன்படும் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். அனுமதி விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் அதைக் கேட்பார்கள். பொதுவாகச் சொல்லக்கூடிய வலுவான காரணம் உயிரியல் கட்டுப்பாடு, அதாவது செடியின் சொந்த ஊரில் அதைத் தின்னும் பூச்சியைத் தேடுவது. கேரளத்து நீர்நிலைகளை மூடிய ஆப்பிரிக்கப் பாயல், சால்வினியா மொலெஸ்டா, இதற்கு நல்ல சான்று. அதை வேறொரு சால்வினியா இனம் என்று நினைத்திருந்த காலத்தில், அந்த இனத்தின் மேல் வாழும் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1972-இல் இது தனி இனம் என்று பெயரிட்டார்கள். 1978-இல் தென்கிழக்கு பிரேசிலில் அதன் தாயகம் தெரியவந்தது. அங்கே கிடைத்த கூன்வண்டை 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஒன்றிரண்டு ஆண்டில் ஏரியை மூடியிருந்த பாயல் அடங்கிவிட்டது. அப்புறம் கேரளத்துக்கும் இலங்கைக்கும் அதே வண்டு வந்தது. அதெல்லாம் டி.என்.ஏ. வசதி இல்லாத காலம், ஹெர்பேரியத் தாள்களை, அதாவது அழுத்தி உலர்த்திச் சேமித்த செடி மாதிரிகளைப் புரட்டியே சாதித்தார்கள். இன்றைக்கு அந்தத் தேடலை விரைவாக்கத்தான் மரபணு.

சில செடிகளுக்கு ‘எந்த நாடு’ என்ற கேள்வியே பொருந்தாது. நீலகிரி, பந்திப்பூர் காடுகளில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி, ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்காகக் கலந்து கலந்து உருவாக்கிய வகைகளின் வாரிசு. காட்டில் அதற்கு ஒரே ஒரு தாயகம் தேடினால் கிடைக்காது. அப்படிப்பட்ட செடியை எடுத்தால் எத்தனை முறை வந்தது, எப்படிக் கலந்தது என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. செடியின் பெயரை உறுதி செய்யுங்கள்

இதைக் கடமைக்குச் செய்துவிட்டுத் தாண்டுபவர்கள் அதிகம். பிறகு அடிவாங்குவதும் இங்கேதான்.

சீமைக் கருவேலத்தின் அறிவியல் பெயர் ப்ரோசாபிஸ் ஜூலிஃப்ளோரா என்று படித்திருப்போம். 2022-இல் ப்ரோசாபிஸ் பேரினத்தை உடைத்துவிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்து மரங்களில் பெரும்பாலானவை நெல்டுமா என்ற பேரினத்துக்குப் போய்விட்டன, சீமைக் கருவேலம் இப்போது நெல்டுமா ஜூலிஃப்ளோரா. நம் வன்னி மரம் மட்டும் பழையபடி ப்ரோசாபிஸ் சினரேரியாதான். டி.என்.ஏ. வரிசைகளைச் சேமிக்கும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடினால் பாதி வரிசைகள் கண்ணில் படாது.

இதைவிடப் பெரிய பொறி ஜூலிஃப்ளோராவும் அதே பேரினத்து இன்னொரு மரமான பாலிடாவும். இரண்டும் பார்வைக்கு அப்படியே ஒன்றுபோல இருக்கும், உலகம் முழுக்க ஒன்றை மற்றொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஜென்பேங்கில் உள்ள வரிசையின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். நல்லவேளையாக ஒரு வித்தியாசம் தெளிவாக இருக்கிறது. பாலிடா இரட்டைமடியம், அதாவது செல்லில் குரோமோசோம் தொகுப்பு இரண்டு, மொத்தம் 28 குரோமோசோம். ஜூலிஃப்ளோரா நான்மடியம், தொகுப்பு நான்கு, மொத்தம் 56. செல்லில் டி.என்.ஏ. எவ்வளவு என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் வசதி இருக்கும் நிறுவனத்தில் சில மாதிரிகளைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இதற்கு உலர்ந்த இலையைவிடப் பச்சை இலை நல்லது. காயிலிருந்து விதை எடுத்துத் தொட்டியில் முளைக்கவைத்து, அந்த நாற்றின் இலையைக் கொண்டுபோனால் பயணத்தில் வாடும் பிரச்சினை இல்லை. நான்மடியம் என்ற இந்த ஒரு தகவல் பின்னால் மார்க்கர் (ஒப்பிடுவதற்காக எடுக்கும் டி.என்.ஏ. பகுதி), மென்பொருள், செலவு என்று எல்லாவற்றையும் மாற்றப் போகிறது, நினைவில் வையுங்கள்.

பெயரை உறுதி செய்து சான்று வாங்கக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தை அணுகலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியம் ஆகியவையும் உண்டு. பூவும் காயும் சேர்ந்த கிளையாகக் கொண்டுபோங்கள். வெறும் இலைக்கிளையைப் பார்த்து ஜூலிஃப்ளோரா, பாலிடா என்று அறுதியிட்டுச் சொல்ல எந்த நிபுணரும் தயங்குவார். அழுத்தி உலர்த்திய மாதிரியைச் சமர்ப்பித்து எண் வாங்கிவிடுங்கள். கட்டுரை அனுப்பும்போது இதழ்கள் அந்த வவுச்சர் எண்ணைக் கேட்கும். அப்போது ஓடினால் அந்த மரத்தையே வெட்டிக் கரிமூட்டம் போட்டிருப்பார்கள், ராமநாதபுரத்தில் அது சர்வ சாதாரணம்.

3. வெளிநாட்டு மாதிரிக்கு இன்றே கடிதம் எழுதுங்கள்

மொத்த வேலையில் அதிகக் காலம் பிடிப்பது இதுதான். ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஓராண்டு ஆனாலும் ஆச்சரியமில்லை. உள்ளூர் இலை பறித்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ஃபெலோஷிப் காலம் கரைந்துவிடும்.

எந்த நாட்டு மாதிரி வேண்டும் என்பதை எழுத்துப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பா பக்கம் நட்டார்கள் என்பது வனத்துறை சார்ந்த நூல்களில் திரும்பத் திரும்ப வரும் தகவல். சரி, ஜமைக்கா பட்டியலில் முதலில். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. கரீபியன் தீவுகளுக்கே இந்த மரம் பெருநிலத்திலிருந்து போயிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. நம் நாட்டுக்குப் பிறகும் பல முறை விதை வந்திருக்கலாம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கொலம்பியா, வெனிசுவேலா எல்லாம் வேண்டும். பாலிடாவைப் பிரித்துக் காட்ட பெரு, ஈக்வடார் மாதிரிகளும் சில.

மாதிரி கிடைக்க மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, வெளிநாட்டு ஹெர்பேரியங்கள். கியூ, மிசௌரி, ஸ்மித்சோனியன், நியூயார்க் போன்ற இடங்களில் நூறாண்டுப் பழைய மாதிரியும் இருக்கும். தாளிலிருந்து இலைத் துண்டு வெட்டித் தர அவர்களுக்குத் தனிக் கொள்கையும் விண்ணப்பமும் உண்டு. எந்தத் தாள், அதன் எண் என்ன, எத்தனை மில்லிகிராம், எந்த முறையில் டி.என்.ஏ. பிரிக்கப் போகிறீர்கள், மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். ‘உங்களிடம் இருப்பதில் கொஞ்சம் அனுப்பவும்’ என்று எழுதினால் பதிலே வராது. உலக உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் தாள்களைத் தேடி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எண்ணோடு கேளுங்கள்.

இரண்டாவது, அந்த நாட்டு ஆய்வாளர்கள். கூட்டாக எழுதலாம் என்று நேர்மையாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இங்கே நகோயா ஒப்பந்தம் குறுக்கே வரும். 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இதன்படி, உறுப்பு நாட்டின் மரபு வளத்தை எடுக்க அந்த நாட்டின் முன் அனுமதியும் பரஸ்பர ஒப்பந்தமும் தேவைப்படலாம். மெக்சிகோ, பெரு, பிரேசில் எல்லாம் உறுப்பு நாடுகள். அந்த அனுமதியை அங்குள்ள ஆய்வாளர் வழியாக வாங்குவதுதான் எளிது. எனவே முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே வெளியான தரவு. காசில்லாமல் கிடைப்பது இது ஒன்றுதான். ஆனால் அவர்கள் பயன்படுத்திய அதே மார்க்கரை நீங்களும் பயன்படுத்தினால்தான் ஒப்பிட முடியும். மைக்ரோசாட்டிலைட், அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டி டி.என்.ஏ. துண்டின் நீளத்தை அளக்கும் மார்க்கர் என்றால் அதுவும் கஷ்டம். ஒரு ஆய்வகத்தில் 182 என்று வரும் அளவு இன்னொரு இயந்திரத்தில் 184 என்று வரும். பொது மாதிரி சிலவற்றை இரண்டு இடத்திலும் ஓட்டாமல் எண்களை ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

எக்காரணம் கொண்டும் விதையாக வரவழைக்காதீர்கள். ஆக்கிரமிப்புக் களையின் விதையை இறக்குமதி செய்யத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள், அதற்கான அனுமதி, புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வள அமைப்பு என்று பெரிய சங்கிலி இருக்கிறது. தேவையே இல்லை. பிரித்த டி.என்.ஏ.வாக வாங்குவதுதான் இரு தரப்புக்கும் நிம்மதி. பொட்டலத்தோடு பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தின் நகல், ‘உயிரற்றது, தொற்றுத் தன்மை இல்லாதது, வணிக மதிப்பு இல்லை’ என்ற அறிவிப்பு, உங்கள் நிறுவனத்தின் கடிதம் மூன்றும் இருக்கட்டும். ஒரு விமான நிலையத்தில் என் பொட்டலம் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தது. அறிவிப்புக் கடிதத்தில் முத்திரை இல்லையாம்.

4. உள்ளூர் அனுமதிகள்

களைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சாலையோரத்தில் அது பெரும்பாலும் உண்மை. மற்ற இடங்களில் இடம் யாருடையது என்பதைப் பொறுத்தது.

பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் வாய்ச்சொல் போதும், கையெழுத்து வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. கண்மாய் என்றால் நீர்வளத் துறையோ ஊராட்சியோ, எது அதைப் பராமரிக்கிறது என்று கேட்டுத் தகவல் கொடுத்துவிடுங்கள். காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் முறையான அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாது. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைவதற்கான அனுமதி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. விண்ணப்பம் சென்னையில் உள்ள தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குப் போகும், அங்கிருந்து மாவட்ட வன அலுவலரின் கருத்துக்கு இறங்கி மீண்டும் மேலே ஏறும். மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

அதோடு இணைக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டச் சுருக்கம் இரண்டு பக்கம், வழிகாட்டியின் கடிதம், நிறுவனத் தலைவரின் பரிந்துரை, குழுவில் வருபவர்களின் அடையாள அட்டை நகல், எந்த வனச்சரகத்தில் எந்த மாதத்தில் எத்தனை மாதிரி என்ற அட்டவணை. அட்டவணைதான் முக்கியம். ‘தேவைக்கேற்ப’ என்று எழுதினால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அனுமதி கிடைத்தபின் களத்துக்குப் போகும் முன் வனச்சரகரை நேரில் பார்த்து நகல் கொடுங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. உங்கள் வேலை அதற்கு எப்படி உதவும் என்று ஒரு பத்தி சேர்த்தால் கோப்பு நகர்வது எளிது.

அடுத்தது பல்லுயிர்ச் சட்டம், 2002. இந்தியக் குடிமக்கள் இந்தியாவுக்குள்ளேயே செய்யும் ஆய்வுக்குத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் இலையோ டி.என்.ஏ.வோ நாட்டை விட்டு வெளியே போகிறதென்றால், அல்லது வெளிநாட்டவர் பங்காளி என்றால், கேள்வி எழும். சீமைக் கருவேலம் இந்த மண்ணின் மரம் இல்லையே என்று வாதாட முடியாது. சட்டம் சொல்வது இந்தியாவில் காணப்படும் உயிரியல் வளம். எங்கிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை. 2023-இல் சட்டத்தைத் திருத்தி 2024-இல் புதிய விதிகளும் வந்துவிட்டன, எனவே சீனியர் கொடுக்கும் பழைய படிவத்தை நிரப்பாதீர்கள். ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. தளத்தில் தற்போதைய படிவத்தை எடுத்துக்கொண்டு சந்தேகம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு 5-ஆம் பிரிவில் விலக்கு உண்டு, உங்கள் திட்டம் அதில் வருமா என்றும் விசாரியுங்கள்.

5. இலை பறிப்பது

ஒரு இடத்துக்கு 20 மரம் என்று வையுங்கள். 10 இடத்தில் 20 என்பது, 2 இடத்தில் 100 என்பதைவிட எவ்வளவோ மேல். மரத்துக்கு மரம் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விடுங்கள். வெட்டிய அடியிலிருந்து இந்த மரம் ஏழெட்டுத் தண்டாகத் துளிர்க்கும். அவை தனித்தனி மரமல்ல, ஒரே உடம்பு. அடியைத் தோண்டிப் பார்க்க முடியாது, இடைவெளி விட்டால் அந்தக் குழப்பம் இராது.

கொழுந்தும் இல்லாமல் முற்றியும் போகாமல், விரிந்து சில நாளான இலையாகப் பாருங்கள். தடித்த தோல் கையுறை வேண்டும், முள் சாதாரண ரப்பர் கையுறையைத் துளைத்துவிடும். இலைக்காம்பை நுனியில் பிடித்துக்கொண்டு அடிநோக்கி உருவினால் சிற்றிலைகள் மட்டும் உதிர்ந்து கையில் நிற்கும். காம்பைச் சேர்க்காதீர்கள், அதில் பிசினும் நாரும்தான். உருவியதைத் தேநீர்ப் பை போன்ற மெல்லிய வடிகாகிதப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் இருக்கும் ஜிப் கவருக்குள் வையுங்கள். எடைக்கு எடை பத்து மடங்கு ஜெல். ஒரே நாளில் இலை மொறுமொறுப்பாகிவிட வேண்டும், இரண்டாம் நாளும் துவண்டு கிடந்தால் டி.என்.ஏ. சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஜெல்லை மாற்றுங்கள். நீல நிறமாக விற்கும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். கிலோ சில நூறு ரூபாய்தான், சூடாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு பைக்கும் எண், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஒரு புகைப்படம். எண்ணைப் பென்சிலால் எழுதித் துண்டுத்தாளாக உள்ளேயும் போடுங்கள். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் பேனா எழுத்து போய்விடும்.

உண்ணிச்செடி எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பூவின் நிறத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், இந்தியாவில் அந்தச் செடியின் மரபு வேறுபாடு பூ நிறத்தோடு சேர்ந்து போவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அதன் பூ மலரும்போது ஒரு நிறம், வயதானால் வேறு நிறம். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் இளஞ்சிவப்புமாக நிற்கும். ‘மஞ்சள்–இளஞ்சிவப்பு’ என்று மொத்தமாக எழுதாமல், புதுப்பூ என்ன நிறம், பழைய பூ என்ன நிறம் என்று இரண்டு கட்டமாக எழுதுங்கள்.

6. டி.என்.ஏ. பிரிப்பது

சி.டி.ஏ.பி. என்ற சோப்புப் பொருளால் டி.என்.ஏ.வைப் பிரிக்கும் முறை போதும். கிட் வாங்கினால் வேகம், ஆனால் மாதிரிக்கு நூறு இருநூறு ரூபாய் ஆகும். பிசின் மிகுந்த இந்த இலையில் கிட்டின் வடிகட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு. சி.டி.ஏ.பி. கரைசலில் பி.வி.பி. சேர்த்து, மெர்கேப்டோ எத்தனாலைப் பயன்படுத்தும் நேரத்தில் கலந்து, 65 டிகிரியில் வையுங்கள். கடைசியில் டி.என்.ஏ. ஜெல்லிபோல வழுவழுவென்று வந்தால் சர்க்கரைப் பொருள் இன்னும் இருக்கிறது, உப்புச் செறிவைக் கூட்டி இன்னொரு முறை கழுவுங்கள்.

ஒளியை வைத்து அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து மாதிரியை வெளியே அனுப்பாதீர்கள். அது ஆர்.என்.ஏ.வையும் சேர்த்து எண்ணிவிடும். டி.என்.ஏ.வை மட்டும் எண்ணும் கியூபிட் கருவியில் அளந்து, அகரோஸ் ஜெல்லிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரே பட்டையாக மேலே நின்றால் நல்லது, கீழ்வரை இழுவினால் சிதைந்தது.

பழைய ஹெர்பேரியத் துண்டுகளைத் தனி நாளில், தனி அறையில், தனி பிப்பெட்டில் செய்யுங்கள். அதில் டி.என்.ஏ. துண்டு துண்டாக, மிகக் குறைவாக இருக்கும். பக்கத்தில் புது இலை இருந்தால் அதன் தூசி போதும், முடிவே மாறிவிடும். நம் நாட்டுப் பழைய தாள்களில் பூச்சி அரிக்காமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடு பூசுவது வழக்கம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

7. எந்த மார்க்கர்?

புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது பார்கோடிங். ஆர்.பி.சி.எல்., மேட்.கே. போன்ற பார்கோடுப் பகுதிகள் இனத்தை அடையாளம் காணத்தான். ஒரே இனத்தின் மெக்சிகோ மரத்துக்கும் கொலம்பியா மரத்துக்கும் அவற்றில் வித்தியாசமே இல்லாமல் போகலாம். அதில் காசைப் போட்டுவிட்டுப் பூர்விகம் தெரியவில்லை என்று புலம்புபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முழுப் பசுங்கணிக (குளோரோபிளாஸ்ட்) மரபுத்தொகுதி என்பது வேறு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது தாய்வழியாக மட்டும் வருவதால் விதை வந்த வழியைக் காட்டும். நான்மடியச் சிக்கலும் அதில் இல்லை. சிதைந்த ஹெர்பேரிய டி.என்.ஏ.விலும் எடுக்க முடியும். தேர்ந்தெடுத்த 30, 40 மாதிரிக்கு இதைச் செய்வது என் கணக்கில் மிக நல்ல முதலீடு.

உட்கரு டி.என்.ஏ.வுக்கு மைக்ரோசாட்டிலைட் அல்லது எஸ்.என்.பி. (ஒற்றை எழுத்து வித்தியாசங்கள்). சிலென்சிஸ், ஃப்ளெக்ஸுவோசா என்ற நெருங்கிய உறவு மரங்களுக்கு உருவாக்கிய மைக்ரோசாட்டிலைட்கள் ஏற்கெனவே இருக்கின்றன, ஜூலிஃப்ளோராவில் எவை வேலை செய்கின்றன என்று எட்டுப் பத்து மாதிரியில் சோதித்துவிட்டு இறங்குங்கள். ஒரே இடத்தில் நான்கு வடிவம் வரை தெரிந்தால் மிரள வேண்டாம், நான்மடியத்தில் அப்படித்தான். இரண்டு வடிவம் மட்டும் தெரியும்போது அது மூன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு இரண்டா என்பதுதான் தலைவலி.

மரபுத்தொகுதியை வெட்டி ஒரு பகுதியை மட்டும் படிக்கும் டிடிராட் முறையில் ஆயிரக்கணக்கான எஸ்.என்.பி. கிடைக்கும். ஆனால் நான்மடியத்துக்கு ஒரு இடத்தை இரட்டைமடியத்தைவிட அதிக முறை படிக்க வேண்டும், எனவே செலவும் கூடும். சேவை நிறுவனத்திடம் ‘இது டெட்ராப்ளாய்டு’ என்று எழுத்தில் கொடுங்கள். நான் அணுகிய ஒரு நிறுவனம் அதெல்லாம் பிரச்சினையே இல்லை என்று தொலைபேசியில் சொன்னது. வந்த முடிவில் எல்லாம் இரட்டைமடியக் கணக்கு. மூலத் தரவு கையில் இருந்ததால் திரும்பக் கணக்கிட முடிந்தது. மூலக் கோப்புகளைத் தருவோம் என்பதை வேலை உத்தரவிலேயே சேருங்கள். அவர்கள் அனுப்பும் பதிவிறக்க இணைப்பு சில வாரத்தில் காலாவதியாகும், வந்த அன்றே இரண்டு வட்டில் இறக்கிவிடுங்கள்.

8. பணக் கணக்கு

டி.என்.ஏ. துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் சாங்கர் முறையைக் குறைந்த செலவு என்று நினைக்கிறோம். 100 மாதிரி, மூன்று பகுதி, இரு பக்கமும் படிக்க வேண்டும் என்றால் 600 வாசிப்பு. ஒரு வாசிப்புக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 2,40,000. அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 2,83,200. முதல் தடவை சரியாக வராதவற்றுக்குப் பத்து விழுக்காடு கூட்டுங்கள். டிடிராட் மாதிரிக்குச் சில ஆயிரம். பல இடத்தில் 96 மாதிரித் தட்டாகத்தான் எடுப்பார்கள், 70 கொடுத்தாலும் 96-க்குக் காசு. அந்தக் காலி இடங்களை வீணாக்காமல் ஏழெட்டு மாதிரியை இரண்டு முறை வையுங்கள், ஒன்றிரண்டு குழியைத் தண்ணீராக விடுங்கள். பிழை விகிதம் என்ன என்று மதிப்பீட்டாளர் கேட்கும்போது பதில் இருக்கும்.

அரசு நிறுவனம் என்றால் மூன்று கொட்டேஷன், கொள்முதல் குழு, அரசின் இணையக் கொள்முதலுக்கான ஜெம் தளம் என்று சுற்றும். மார்ச்சில் கணக்கு மூடுவார்கள். டிசம்பருக்குள் வேலை உத்தரவு போகவில்லையென்றால் அந்த ஆண்டுப் பணத்தை மறந்துவிடலாம். கொட்டேஷன் கேட்கும்போதே, சீக்வென்சிங் இந்தியாவில் நடக்கிறதா வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வெளியே போனால் மேலே சொன்ன பல்லுயிர் ஆணையத்து அனுமதி வந்து நிற்கும்.

9. கணினியில் பார்ப்பது

மாதிரிகளை மரபுக் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஸ்ட்ரக்சர் மென்பொருளின் வண்ணப் பட்டைகளைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு நாட்டு மாதிரி 200, இன்னொன்று 8 என்று இருந்தால் அது தவறான கூட்டங்களைக் காட்டும், எண்ணிக்கையைச் சமமாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எத்தனை கூட்டம் என்று கண்டுபிடிக்கும் டெல்டா-கே அளவுகோல் இரண்டு என்ற பதிலை நோக்கிச் சாயும், அதை மட்டும் நம்பாமல் 3, 4, 5 படங்களையும் பாருங்கள். ஸ்டாக்ஸ், அட்மிக்ஸ்சர் போன்றவை இரட்டைமடியத்தை மனதில் வைத்து எழுதியவை. நான்மடியத்துக்கு ஜீனோடைவ், பாலிசாட், பாலிராட், அட்ஜீனெட்டில் உள்ள டி.ஏ.பி.சி. ஆகியவற்றைப் பாருங்கள்.

படம் வந்தபின்தான் உண்மையான பொறி. நம் மரம் ஜமைக்கா மரத்தோடு ஒட்டி நிற்கிறது என்றால் ஜமைக்காவிலிருந்து வந்தது என்று பொருளாகாது. இரண்டும் நீங்கள் மாதிரி எடுக்காத மூன்றாவது இடத்திலிருந்து போயிருக்கலாம். ஏற்கெனவே குடியேறிய வேறொரு நாட்டிலிருந்தும் நமக்கு வந்திருக்கலாம். இந்த வாய்ப்புகளைத் தனித்தனிக் காட்சியாக வைத்து எது பொருந்துகிறது என்று பார்க்க டி.ஐ.ஒய்.ஏ.பி.சி. என்ற மென்பொருள் இருக்கிறது. மாதிரி எடுக்காத ‘பேய்க் கூட்டம்’ ஒன்றையும் அதில் சேர்க்க முடியும், கட்டாயம் சேருங்கள்.

சில களைகளில் இதற்கெல்லாம் இடமே இருக்காது. ஆகாயத்தாமரை உலகம் முழுக்கப் பரவியபோது பெரும்பாலும் ஒரே குளோன்தான், அதாவது ஒரே செடியின் நகல்தான் பரவியது. சென்னைச் செடிக்கும் ஆப்பிரிக்கச் செடிக்கும் வித்தியாசமே இல்லாதபோது வழியைத் தேட முடியாது. பிரிட்டனில் பரவிய ஜப்பானிய நாட்வீடும் ஒரே பெண் குளோன்தான். அப்படிப்பட்ட செடி என்று சந்தேகம் இருந்தால் முதலில் 20 மாதிரியை மட்டும் சோதித்துவிட்டு மேலே செலவு செய்யுங்கள்.

10. தரவைச் சமர்ப்பிப்பது

அரசுப் பணத்தில் எடுத்த தரவை ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் போட வேண்டும், 2021-இன் பயோடெக் பிரைட் வழிகாட்டுதல் அதைச் சொல்கிறது. இதழ்கள் ஜென்பேங்க் எண்ணையும் கேட்கும். எண் கைக்கு வர நாளாகும், கட்டுரையை அனுப்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பதிவேற்றும்போது ஒவ்வொரு வரிசையோடும் வவுச்சர் எண், இடம், தேதி சேருங்கள். இனப்பெயரில் சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது.

வன அனுமதியின் கடைசிப் பக்கத்தில், ஆய்வு முடிந்ததும் அறிக்கையின் நகல் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். தமிழில் நான்கு பக்கச் சுருக்கத்தோடு மாவட்ட வன அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் பழைய அனுமதிக்கு அறிக்கை கொடுத்தீர்களா என்று ஒரு கட்டம் வரும். அந்த முத்திரைத் தாளை அங்கே இணைக்கலாம்.